நிறுத்தி வைக்கும் பயண வேனுக்குள் எலி நுழையாமல் இருக்க: முதல்முறை நிறுத்துகிறவர்களுக்கு

அண்ணன், நான், மச்சான் மூவரும் சேர்ந்து ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே இரண்டு படுக்கை, ஒற்றை அடுப்பு, கை கழுவும் தொட்டி, பக்கவாட்டில் அலமாரி என்று அமைத்து வைத்திருக்கிறோம். மே லீவில் ஒரு நீண்ட பயணம், கார்த்திகை மார்கழியில் சபரிமலை, நடுவில் மனசு வந்தால் கொடைக்கானல். மற்ற நாளெல்லாம் வண்டி மதுரை மாவட்டம் வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் என் மாமனார் தோப்பில், தகரக் கொட்டகைக்குள் நிற்கும். முதல் வருஷம் ஜூனில் நிறுத்திவிட்டு, நடுவில் ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்க்காமல், கார்த்திகை முதல் வாரம்தான் கதவைத் திறந்தோம். திறந்த உடனே மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. இலவம்பஞ்சுத் தலையணை இரண்டும் கந்தல். அலமாரிக்குப் பின்னால் பஞ்சையும் டிஷ்யூ பேப்பரையும் சேர்த்துக் கட்டிய கூட்டில் கண் திறக்காத குட்டிகள். உள் விளக்குக்குப் போகும் ஒயர் மூன்று இடத்தில் செம்பு தெரியக் கடிபட்டிருந்தது. அந்த வருஷம் சபரிமலைக்குப் பஸ்ஸில்தான் போனோம்.

அடுத்த வருஷத்திலிருந்து செய்கிற வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாடு போகும்போது வீட்டில் நிறுத்திவிட்டுப் போகும் காருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். பெரிய செலவு கிடையாது, ஆனால் ஒரு முழு நாள் முதுகு வலிக்க வேலை இருக்கிறது. அதற்கு அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அரை மணி நேரம் போதும். எலி என்றதும் எல்லோரும் முதலில் மருந்துக் கடைக்கும் பொறிக்கும்தான் ஓடுகிறோம், நானும் அப்படித்தான் ஓடினேன். ஒன்றைப் பிடித்தால் வயலிலிருந்து அடுத்தது வரும், வழி திறந்தே கிடக்கிறது. அதனால் ஓட்டையை அடைப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வருவது யார்

முதலில் புழுக்கையைப் பாருங்கள். அரிசி அளவோ அதைவிடச் சின்னதாகவோ, கூர் முனையோடு இருந்தால் சுண்டெலி. அரை அங்குலத்துக்குப் பக்கமாக இருந்தால் வீட்டெலி. அதைவிடப் பெரிதாக இருந்து, கொட்டகை மூலையில் மண் குவியலும் கிடந்தால் பெருச்சாளி. வண்டிக்குள் குடியேறுவது பெரும்பாலும் சுண்டெலிதான், ஏனென்றால் 6 மில்லிமீட்டர் சந்து இருந்தால் அதற்குப் போதும், ஒரு பென்சில் நுழைகிற இடத்தில் அது தலையை நுழைத்து உடம்பையும் இழுத்துக்கொள்ளும். வீட்டெலி என்ஜின் பக்கம் வரும், ஏறுவதில் அதை மிஞ்ச முடியாது. பெருச்சாளி வண்டிக்குள் ஏறுவது குறைவு, ஆனால் கொட்டகைத் தரையைக் குடைந்து மற்றவற்றுக்கு வழி போட்டுக் கொடுத்துவிடும்.

தோப்பில் நிறுத்துகிறவர்கள் அணிலையும் கணக்கில் சேருங்கள். தேங்காய் நாரையும் பஞ்சையும் கொண்டுவந்து பானெட்டுக்குள் கூடு கட்டும், ஒயரையும் கடிக்கும். பகலில் நடமாட்டம் தெரிந்தால் அது பெரும்பாலும் எலி வேலை இல்லை, அணில் வேலை. மூஞ்சூறைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், அது எலி இனமே கிடையாது, பூச்சி தின்று பிழைப்பது, ஒயரைத் தொடாது. நாற்றம் மட்டும் தாங்காது.

ஒயரை ஏன் கடிக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்துத் தேய்க்காமல் அதனால் இருக்க முடியாது. ஒயர் அதன் வழியில் வாகாக நீட்டிக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

எப்போது வரும்

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எலி வருவது நெல் அறுவடையைப் பொறுத்தது. எங்கள் மதுரைப் பக்கத்துப் பெரியாறு வைகைப் பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை வருஷத்துக்கு இருபோகம், அதற்குக் கீழே மேலூர் பக்கம் ஒருபோகம். நெல் நிற்கும்வரை எலிக்கு வயலிலேயே சாப்பாடு, வரப்பிலேயே வளை. அறுவடை மிஷின் இறங்கி நாலு நாளில் வயல் வெறுமையாகிவிட்டால் அது தோப்புக்கும் கொட்டகைக்கும்தான் வரும். ஐப்பசி அடைமழையும் அப்படித்தான், வளைக்குள் தண்ணீர் ஏறினால் காய்ந்த இடம் தேடி மேலே வரும், நம் வண்டியைப் போலக் காய்ந்த, இருட்டான, பஞ்சு மெத்தை போட்ட இடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு இருக்காது. தண்ணீர் திறப்பு அணை இருப்பைப் பொறுத்துத் தள்ளிப்போவதால் காலண்டரில் தேதி குறித்து வைத்துப் பிரயோஜனம் இல்லை. பக்கத்து வயல்காரரிடம் “எப்பண்ணே அறுக்கப் போறீங்க” என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே அடைக்கிற வேலையை முடித்துவிடுங்கள்.

சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு, அந்தக் குட்டிகள் ஒன்றரை மாதத்தில் தாங்களே குட்டி போடும் பருவத்துக்கு வந்துவிடும். நான் பார்க்காமல் விட்ட ஐந்து மாதத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: வண்டியைக் காலி செய்வது

சாப்பாட்டுச் சாமான் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எது சாப்பாடு என்பதில்தான் தப்பு வருகிறது. சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு மூன்று கிராம் தீனி போதும். சீட் இடுக்கில் விழுந்த அரை பிஸ்கட், குழந்தை சிந்திய மிக்சர், ஒரு கடலை மிட்டாய்த் துண்டு, இதெல்லாம் அதற்கு நாள்கணக்கில் சாப்பாடு. சோப்பைத் தின்னும், மெழுகுவர்த்தியைத் தின்னும். சபரிமலை போய்வந்த வண்டி என்றால் இருமுடியில் சிந்திய அரிசியும் நெய்யும் எங்காவது ஒட்டியிருக்கும். சீட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி வாக்குவம் கிளீனரால் இழுத்துவிட்டு, அடுப்பைச் சுற்றி உள்ள எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

அடுத்து கூடு கட்டும் பொருள். மெத்தை, தலையணை, போர்வை, துண்டு, டிஷ்யூ, பழைய பேப்பர், அட்டைப்பெட்டி எல்லாம் வீட்டுக்குப் போகட்டும். போடிப் பக்கத்து இலவம்பஞ்சு நாம் தூங்க எவ்வளவு சுகமோ, எலி குட்டி போடவும் அவ்வளவு சுகம். மெத்தையை வெளியே எடுக்க முடியாத அமைப்பாக இருந்தால் நிமிர்த்தி நிறுத்திவிடுங்கள், அடியில் இருட்டு இல்லாமல் போகும். அலமாரிக் கதவு, டிராயர் எல்லாம் திறந்தே இருக்கட்டும். தண்ணீர் டேங்க்கை வடித்துவிட்டு மூடி போடுங்கள்.

கேஸ் சிலிண்டரை ரெகுலேட்டரைக் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். இதில் யோசிக்கவே வேண்டாம். கடிபட்ட டியூபும் மூடிய வண்டியும் சிலிண்டரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

இரண்டாவது வேலை: ஓட்டையைத் தேடுவது

இதற்குப் பகல் ஆகாது, இருட்டிய பிறகு இரண்டு பேராகச் செய்யுங்கள். உள்ளே நல்ல வெளிச்சமான விளக்கு ஒன்றைத் தரையோடு வைத்துக் கதவு ஜன்னலெல்லாம் மூடிவிட்டு, ஒருவர் வெளியே வண்டியைச் சுற்றி, அடியிலும் படுத்துப் பார்க்க வேண்டும். ஒளி கசிகிற இடமெல்லாம் எலி வரும் இடம், அந்தந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் விளக்கை வெளியே அடியில் வைத்து உள்ளேயிருந்து பாருங்கள், முதல் தடவை தெரியாதது இப்போது தெரியும். வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து, கம்பால் தட்டிவிட்டுப் படுங்கள். எலி இருக்கும் இடத்துக்குச் சாரையும் நல்ல பாம்பும் தேடி வரும், தோப்புக் கொட்டகையில் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை. பாம்பைப் பார்த்தால் கம்பை எடுக்காமல் தள்ளி நின்று தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

எங்கள் வண்டியில் முதல் தடவை பதினொரு இடம் கிடைத்தது. வண்டியிலேயே வந்த ஓட்டைகள் அதில் குறைவு, வேலை செய்த பட்டறையில் ஒயருக்கும் குழாய்க்கும் துளை போட்டுவிட்டு அடைக்காமல் விட்டவைதான் அதிகம். உள்ளமைப்பு மாற்றிய எல்லா வண்டியிலும் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்: கை கழுவும் தொட்டியின் கழிவுக் குழாய் தரையைத் துளைத்துப் போகும் இடம், கேஸ் டியூப் போகும் துளை, இரண்டாவது பேட்டரிக்கு ஒயர் போகும் துளை. குழாய் ஒரு அங்குலம் என்றால் துளை ஒன்றரை அங்குலம் போட்டிருப்பார்கள், சுற்றிலும் விழும் அந்தக் கால் அங்குல இடைவெளியே போதும். அதற்குப் பிறகு பின்கதவு ரப்பரின் கீழ் மூலைகள், சக்கர வளைவுக்கு மேல் தகரம் சேரும் இடம், கிளட்ச், கியர் பக்கம் தரையில் உள்ள ரப்பர் உறைகள்.

எல்லோரும் விட்டுவிடுவது முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வழி. இலை சருகு சேருமே, அந்த இடம். அங்கிருந்து ஏசி விசிறி வழியாக நேராக உள்ளே வந்துவிடலாம். நிறுத்தும்போது ஏசியை உள்காற்று சுற்றும் நிலைக்கு மாற்றிவிட்டு நிறுத்தினால் பல வண்டிகளில் உள்ளே இருக்கும் தட்டு அந்த வழியை மூடிக்கொள்ளும். ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான்.

மூன்றாவது வேலை: அடைப்பது

துணி, ஸ்பாஞ்ச், பிளாஸ்டிக், ஊதினால் உப்பும் நுரை, இவை எதுவும் எலிக்கு நிற்காது, ஒரே ராத்திரியில் கொறித்துவிடும். சிலிக்கான் மட்டும் தடவினாலும் அப்படித்தான். எலி பல் வைக்கத் தயங்கும் பொருள் உள்ளே இருக்க வேண்டும், ஒட்டும் பொருள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் துளைக்குள் இறுக்கமாகத் திணித்து அதன் மேல் சிலிக்கான் போடுங்கள். துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் நாராகப் பார்த்து வாங்குங்கள், சாதா இரும்பு நார் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துப் பொடியாகி, தகரத்தையும் துருப்பிடிக்க வைத்துவிடும். குழாயைச் சுற்றி எம்-சீல் பிசைந்து வைத்தால் நன்றாக நிற்கும். பெரிய ஓட்டைக்கு அலுமினியத் தகடு வெட்டி ரிவெட் அடியுங்கள்.

எல்லா ஓட்டையையும் அடைத்துவிடக் கூடாது. கதவின் அடியில் உள்ள சின்னத் துளைகள் மழைத் தண்ணீர் வடிவதற்கு, அடைத்தால் கதவு உள்ளேயிருந்தே துருப்பிடிக்கும். ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயும் அப்படியே. அடுப்பு வைத்த வண்டியில் தரையோடு ஒரு காற்றுத் துளை இருக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும், அது வெளியேறுவதற்காக வைத்த துளை அது. இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கண் உள்ள ஸ்டெயின்லெஸ் வலையை வைத்துத் திருகுங்கள். காற்றும் தண்ணீரும் போகும், எலி போகாது.

சைலன்சர் வாயில் கம்பி நாரை உருட்டிச் செருகி, அதில் ஒரு சிவப்புத் துணியை வெளியே தொங்குமாறு கட்டிவிடுங்கள். எடுக்காமல் ஸ்டார்ட் செய்துவிடாமல் இருக்கத்தான் அந்தத் துணி. ஸ்டீயரிங்கிலும் “சைலன்சர்” என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள்.

கொட்டகையும் சுற்றுப்புறமும்

வண்டியைச் சுற்றி மூன்றடிக்கு எதுவும் இருக்கக் கூடாது, பழைய டயர், சாக்கு, மட்டை, விறகு எதுவுமே. எலி திறந்த வெளியில் ஓடப் பயப்படும், சுவரோரமாகவும் சாமான் ஓரமாகவும்தான் போகும். எங்கள் கொட்டகையில் வைக்கோல் போர் சுவரை ஒட்டி இருந்தது, மாட்டுக்கு வைத்த புண்ணாக்கு மூட்டையும் அங்கேயே. அதை நகர்த்தச் சொல்லி மாமனாரிடம் கேட்க எனக்கு ஒரு வருஷம் தயக்கம். கேட்டதும், “இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான மாப்ள” என்று சொல்லிப் போரைத் தோப்பின் அந்த மூலைக்கு மாற்றி, புண்ணாக்கை மூடி போட்ட தகர டிரம்மில் போட்டுவிட்டார். அந்த ஒரு மாற்றத்தில் குறைந்த நடமாட்டம் பொறி வைத்துக் குறைந்ததைவிட அதிகம்.

தென்னை மரத்தில் எலி ஏறாமல் இருக்கத் தகரம் சுற்றுவோம் இல்லையா, அதே வேலையைக் கொட்டகைத் தூண்களுக்கும் செய்யலாம். ஒரு முழ அகல வழுவழுப்பான தகரத்தை ஆள் உயரத்தில் இடைவெளி இல்லாமல் சுற்றி ஆணி அடித்தால் நகம் பிடிக்காது. கூரையைத் தொடும் மரக்கிளையை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தகரம் சுற்றியது வீண். மண் தரை என்றால் வண்டி நிற்கும் அளவுக்காவது சிமென்ட் போடுவது நல்லது.

பொறி

அடைத்த பிறகுதான் பொறி. வண்டிக்குள் இரண்டு, கொட்டகைச் சுவரோரம் நாலு. நான் வைப்பது பட்டென்று அடிக்கும் மரப்பலகைப் பொறி, உடனே உயிர் போய்விடும். பசை அட்டையை வைக்காதீர்கள், ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் துடித்துச் சாகும், ஓணானும் குருவியும்கூட மாட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து மூங்கில் கிட்டி கிடைத்தால் வயல் வரப்புக்கு அருமையானது, வண்டிக்குள் அதற்கு இடம் பத்தாது.

பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி வைத்த முனை சுவரைத் தொடும்படி வையுங்கள். கருவாட்டுத் துண்டும் சுட்ட தேங்காயும் எங்கள் ஊரில் நன்றாக வேலை செய்கின்றன, கொத்திக்கொண்டு ஓடாதபடி நூலால் கட்டிவிட வேண்டும். சுண்டெலி புதுப் பொருளைக் கண்டால் முகர்ந்து பார்க்க வந்துவிடும். வீட்டெலி அப்படி இல்லை, புதிதாக ஒன்று வந்தால் சில நாள் ஒதுங்கிப் போகும். அதனால் நாலைந்து நாள் பொறியைத் தயார் செய்யாமல் வெறும் தீனி மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் தயார் செய்யுங்கள். பொறி வைத்தால் தினமும் யாராவது பார்க்க வேண்டும், தோப்பில் ஆள் இல்லாத நாட்களில் வைக்காமல் இருப்பதே மேல்.

மருந்தும் வாசனையும்

வண்டிக்குள் விஷம் வைக்கவே கூடாது. கடையில் கிடைக்கும் புரோமடையலோன் கட்டி ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்வது, தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும், அது சாகும் இடம் உங்கள் அலமாரிக்குப் பின்னாலோ கூரை விரிப்புக்கு மேலோ இருக்கும். அந்த நாற்றம் பிரித்து எடுத்தால்தான் போகும். விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் பூனையும்கூடச் சாகலாம், அவை இரண்டும் நமக்குச் சம்பளம் இல்லாத காவல்காரர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை பல உயிர்களைக் குடித்த பொருள், தமிழ்நாட்டில் அதை விற்பதற்கே தடை இருக்கிறது, யாராவது பழைய டப்பாவைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

புகையிலை, கற்பூரம், புதினா எண்ணெய், அந்துருண்டை எல்லாம் நானும் வைத்துப் பார்த்தேன். வாசனை இருக்கும் நாலு நாள் பலன் தெரிகிற மாதிரி இருக்கும், அப்புறம் ஒன்றும் இல்லை. அந்துருண்டை மட்டும் குழந்தை படுக்கும் வண்டிக்குள் வேண்டவே வேண்டாம், அந்த ஆவி மெத்தையில் ஏறி நிற்கும், கைக்குழந்தைக்கு ஆபத்து. காதுக்குக் கேட்காத சத்தம் போடும் கருவியும் வாங்கினோம். அந்த ஒலி சீட்டையும் அலமாரியையும் தாண்டிப் போகாது, எலியும் சீக்கிரம் பழகிவிடும். அந்தக் காசுக்கு ஸ்டெயின்லெஸ் வலை வாங்குங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை

வண்டித் தரையிலும், வெளியே நாலு சக்கரத்தைச் சுற்றியும் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவிவிட்டு வாருங்கள். கல் மாவாக இருக்க வேண்டும், அரிசி மாவு போட்டால் நாமே விருந்து வைத்த மாதிரி. அடுத்த தடவை போகும்போது கால்தடமும் வால் கோடும் தெரிந்தால் எந்தப் பக்கம் இருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடும். டயரில் ஏறித்தான் பெரும்பாலும் வரும். பானெட்டைத் திறந்து ஏர் பில்டர் பெட்டி, பேட்டரி ஓரம், என்ஜின் மேல் உள்ள வெப்பத் தடுப்புப் பஞ்சு மூன்றையும் பாருங்கள். பேட்டரியின் (இரண்டு இருந்தால் இரண்டின்) நெகட்டிவ் ஒயரை நிறுத்தும் அன்றே கழற்றியிருக்க வேண்டும், எலி ஒயரைக் கடித்தாலும் தீப்பொறி வராது.

உள்ளே வந்துவிட்டது என்று தெரிந்தால் உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். எலி மூத்திரத்திலிருந்து எலிக்காய்ச்சல் வரும், காய்ந்த புழுக்கையைப் பெருக்கினால் தூசி மூக்குக்குள் போகும். கதவெல்லாம் திறந்து அரை மணி நேரம் காற்றோட்டம் விட்டு, ரப்பர் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து அந்த இடத்தில் தெளித்து, பத்து நிமிஷம் ஊறிய பிறகு பழைய துணியால் துடைத்து, துணியையும் சேர்த்துப் பையில் கட்டிப் போடுங்கள். பிளீச்சிங்கோடு கழிப்பறை ஆசிட்டையோ வேறு எதையுமோ கலக்கக் கூடாது, விஷ வாயு வரும். ஒயர் இணைப்புகளில் அந்தத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போய், எலி மூத்திரம் பட்ட இடத்தைச் சுத்தம் செய்தேன் என்று சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகும்.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது எலி கடித்த ஒயருக்குப் பணம் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாலிசிக்குப் பாலிசி இது மாறும்.

வெளியே எடுக்கும் நாள்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுங்கள், முந்தின நாள் வேண்டாம். சாவியைப் போடுவதற்கு முன்னால் சைலன்சர் அடைப்பை உருவி, பானெட்டுக்குள் சருகோ பஞ்சோ இருந்தால் கையால் எடுத்துவிடுங்கள், சூடான என்ஜின் மேல் காய்ந்த கூடு இருந்தால் தீப்பிடிக்கும். பெட்ரோல், டீசல் டியூபைக் கையால் தடவிப் பார்த்து, வண்டிக்கு அடியில் சொட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரேக் டியூபும் முக்கியம். எல்லாம் சரி என்றால் பேட்டரி ஒயரை மாட்டி, விளக்கு, ஹாரன், வைப்பர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேஸ் டியூபில் ஒரு சின்னப் பல் தடம் இருந்தாலும் புது டியூப் மாற்றுங்கள், டேப் சுற்றி ஓட்டக் கூடாது. சிலிண்டரை மாட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். அந்த முதல் டீயை வண்டிக்கு வெளியே எல்லோரும் நின்றுகொண்டிருக்க, கதவெல்லாம் திறந்து வைத்துப் போடுங்கள்.